இயற்கை மருந்து: கேட்க வேண்டிய கேள்வி

செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் ஒருவருக்குக் காசநோய் கண்டது. அரசு தரும் மாத்திரைகள் இலவசமாகவே கிடைத்தன. இரண்டே மாதத்தில் இருமல் நின்றது, உடம்பும் தேறியது. "இங்கிலீஷ் மருந்து சூடு, இனி இயற்கை மருந்தே போதும், கெடுதலும் கிடையாது" என்று யாரோ சொல்ல, அவர் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறினார். சில மாதங்களில் இருமல் திரும்பியது. இம்முறை, முன்பு பலித்த மருந்துகளில் சில பலிக்கவில்லை. இப்போது இன்னும் நீண்ட சிகிச்சையில் இருக்கிறார்.

அவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவரை நம்ப வைத்த வாதத்தைத்தான் நாம் ஆராய வேண்டும். அந்த வாதத்துக்கு இரண்டு கால்கள். ஒன்று, இயற்கையானது கெடுதல் செய்யாது. மற்றொன்று, சாப்பிட்டவர்கள் குணமானார்கள். ஆகவே மருந்து பலிக்கிறது.

முதல் காலைப் பாருங்கள். வேலியோரம் படரும் ஆடுதின்னாப்பாளை இயற்கையானதுதான். ஆனால் அதிலும் அதன் இனச் செடிகளிலும் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். அந்த நண்பர் நிறுத்திய மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ரிஃபாம்பிசின், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் தரும் பொருளிலிருந்து உருவானது. கூடவே உள்ள ஐசோனியசிட், ரசாயனக் கூடத்தில் பிறந்தது. காசநோய்க் கிருமியை இரண்டும் கொல்கின்றன. கவனிக்காவிட்டால் ஈரலை இரண்டும் பாதிக்கக்கூடும். மூலக்கூறின் பிறந்த ஊரை உடம்பு விசாரிப்பதில்லை.

இரண்டாவது கால் இன்னும் ஏமாற்றுவது. 2012-இல் டெங்கு பரவியபோது நிலவேம்புக் குடிநீரும், 2020-இல் கொரோனா பரவியபோது கபசுரக் குடிநீரும் தமிழகமெங்கும் வழங்கப்பட்டன. குடித்தவர்களில் பெரும்பாலோர் நலமாகவே இருந்தார்கள். ஆனால் டெங்கு கண்டவர்களில் பெரும்பாலோர் எதுவும் குடிக்காமலேயே ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள்! அப்படியானால் தேறியதற்குக் காரணம் குடிநீரா, உடம்பா? குடித்தவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இதற்கு விடை கிடைக்காது.

பள்ளியில் ஊசல் பரிசோதனை செய்திருப்பீர்கள். நூலின் நீளத்தையும் குண்டையும் ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு, அலைவு நேரம் எதனால் மாறியது என்று கேட்டால் விடை சொல்ல முடியுமா? ஒன்றை மாற்ற வேண்டும்; மற்றதை அப்படியே வைத்திருக்க வேண்டும். மருந்துக்கும் இதே விதிதான். ஒத்த நிலையிலுள்ள நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குக் கொடுத்து, மறு பிரிவுக்குக் கொடுக்காமல் பார்க்க வேண்டும். "எதனோடு ஒப்பிட்டீர்கள்?" என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்வி எங்கள் பகுதிக்கு அந்நியமன்று. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரிலேயே அதன் வரலாறு இருக்கிறது. காசநோய்க்கு மருந்தே இல்லாத 1928-ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து இங்கே ஒரு சானடோரியத்தை நிறுவினார். முன்னர் இங்கிலாந்தில் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் கணித மேதை ராமானுஜன் 1917-இல் சில காலம் தங்கியிருந்தார். திறந்த வெளிக் காற்று, பூரண ஓய்வு, சத்துணவு: இவையே அக்காலச் சானடோரிய சிகிச்சை. இதைவிட இயற்கையான மருத்துவம் ஏது?

மருந்துகள் வந்தன. அதன்பிறகும் சானடோரியம் அவசியந்தானா என்ற கேள்வி எழுந்தது. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம் அதை நேரடியாகச் சோதித்தது. ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மற்றவர்களை வீட்டிலேயே விட்டார்கள். இரு பிரிவினருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள். வீட்டிலிருந்தவர்களுக்கு நெருக்கடியான குடியிருப்பு, குறைந்த உணவு, குறைந்த ஓய்வு. ஆயினும் இரு பிரிவினரும் ஏறக்குறைய சமமாகவே குணமடைந்தார்கள். 1959-இல் வெளியான இந்த முடிவு, உலகெங்கும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற வழி திறந்தது.

அப்படியானால் நல்ல உணவுக்கு மதிப்பே இல்லையா? அவசரப்படாதீர்கள். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தினர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் மாதந்தோறும் உணவுப் பொருள்கள் கொடுத்துப் பார்த்தார்கள். சென்னை மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இதில் பங்குகொண்டது. முடிவு 2023-இல் வெளியாயிற்று: உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் கண்டவர்கள் சுமார் 40 சதவீதம் குறைவு! நோய் வந்தவருக்கு மாத்திரைக்குப் பதிலாக உணவு நிற்காது. ஆனால் கூட இருப்பவர்களை நோயிலிருந்து காப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. இயற்கை மருத்துவத்தின் இடம் எது என்பதை இப்படித்தான் கண்டறிய வேண்டும். பக்தியாலும் அல்ல, ஏளனத்தாலும் அல்ல.

அதே சானடோரியம் பகுதியில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கி வருகிறது. ஒப்பிட்டுக் காட்டுங்கள் என்று கேட்பது சித்த மருத்துவத்துக்கு அவமதிப்பாகாது. மருத்துவம் என்று மதிப்பதால்தானே கேட்கிறோம்! அலோபதி மருந்துக்கும் இதே கேள்வி பொருந்தும்.

வாசகர்களே, நாளை ஒருவர் உங்களிடம் ஒரு வேரையோ மாத்திரையையோ நீட்டினால், அது இயற்கையானதா என்று கேட்காதீர்கள். எதனோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். விடை கிடைக்கும்வரை, ஆறு மாதம் சாப்பிடச் சொன்ன மாத்திரையை இரண்டாம் மாதத்தில் நிறுத்தாதீர்கள்.