வியாழன் நடந்த தூரமும் களிமண் ஏட்டின் சரிவகமும்

மேனிலைப் பள்ளியில் இயற்பியல் படித்த எவரும் திசைவேக–கால வரைபடத்தை மறந்திருக்க மாட்டார்கள். கிடைக்கோட்டில் காலத்தையும் குத்துக்கோட்டில் வேகத்தையும் குறித்து வரைந்தால், கோட்டிற்குக் கீழே அடங்கும் பரப்பே பொருள் கடந்த தொலைவு ஆகும். வேகம் சீராகக் குறைந்தால் அந்தப் பரப்பு ஒரு சரிவகமாக அமையும். இரு பக்கங்களையும் கூட்டி, பாதியாக்கி, காலத்தால் பெருக்கினால் விடை கிடைத்துவிடும். இந்தக் கருத்து 14-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டிலும் பாரிசிலும் தோன்றியது என்றே நாம் படித்தோம். அப்படியே பாடமும் நடத்திவந்தோம்.

2016 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை இந்தப் பாடத்தைத் திருத்த வேண்டும் என்கிறது. எழுதியவர் மத்தியூ ஓசன்டிரைவர். அப்போது பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். பாபிலோனிய வானியலாளர்கள் கி.மு. 350-க்கும் கி.மு. 50-க்கும் இடையிலேயே இம்முறையைக் கையாண்டார்கள் என்பது அவர் முடிவு. செய்தித்தாள்கள் இதை 'நுண்கணிதத்தைப் பாபிலோனியர் கண்டுபிடித்தனர்' என்று முழங்கின. ஆய்வாளர் சொன்னது எது, செய்தித்தாள்கள் சேர்த்தது எது, சான்று எதுவரை தாங்கும் என்பதை வாசகர்களாகிய நீங்களே எடைபோட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் சான்றுகளைப் பார்ப்போம். அவை ஐந்து களிமண் ஏடுகள். ஈரக் களிமண்ணில் ஆப்பெழுத்துகளைப் பதித்து உலர்த்தியவை. இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன. நான்கு ஏடுகளில் ஒரு சரிவகத்தைப் பற்றிய கணக்கு உள்ளது. 'பெரிய பக்கம்', 'சிறிய பக்கம்' என்ற சொற்களும் வருகின்றன. இவற்றுள் சில, ஓட்டோ நோய்கபவர் 1955-இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பாபிலோனிய வானியல் ஏடுகளின் திரட்டிலேயே இடம்பெற்றுள்ளன. ஆனால் வானியல் கணக்கின் நடுவே ஒரு சரிவகம் ஏன் வந்தது என்பது அப்போது விளங்கவில்லை. ஐந்தாவது ஏட்டில் சரிவகம் என்ற பேச்சே இல்லை. வியாழனின் நகர்ச்சி மட்டும் தெளிவாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆனால் எண்கள் அதே எண்கள்! இந்தப் பொருத்தமே ஆய்வின் திறவுகோல்.

அந்தக் கணக்கு இதுதான். வியாழன் விடியற்காலையில் கீழ்வானில் முதன்முதல் தோன்றும் நாளில், விண்மீன்களுக்கிடையே அதன் நகர்ச்சி நாளொன்றுக்கு 12 கலை. (ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு ஒரு கலை.) 60 நாள்களில் அது படிப்படியாகக் குறைந்து 9½ கலையாகிறது. இரண்டையும் கூட்டினால் 21½, பாதி 10¾, அதை 60 நாள்களால் பெருக்கினால் 645 கலை, அதாவது 10 பாகை 45 கலை. இந்த விடை ஏட்டில் அப்படியே இருக்கிறது. அடுத்த 60 நாள்களில் நகர்ச்சி 9½ கலையிலிருந்து 1½ கலைக்கு இறங்குகிறது. அந்தச் சரிவகத்தின் பரப்பு 330 கலை, அதாவது 5½ பாகை.

இங்கே இயற்பியல் மாணவர் ஒருவர் எழுந்து கேட்கலாம்: 'ஐயா, இதற்குச் சரிவகம் எதற்கு? முதல் நாள் 12, கடைசி நாள் 9½, இடையில் சமமான குறைவு என்றால் இது வெறும் கூட்டுத் தொடர்தானே? 60 உறுப்புகளின் கூட்டுத்தொகையும் அதே 645தானே?' மிகச் சரியான கேள்வி. சமமாக ஏறி இறங்கும் எண் வரிசைகள் பாபிலோனிய வானியலில் எங்கும் நிறைந்தவை. அவர்களுடைய வானியல் முழுவதும் எண் கணிதமே, வடிவ கணிதத்திற்கு அதில் இடமில்லை என்பதுதான் நெடுங்காலமாக அறிஞர்கள் கொண்டிருந்த கருத்து. ஆகவே இந்த முதல் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு 'வேகத்தின் பரப்பே தொலைவு என்று அறிந்திருந்தார்கள்' என்று முடிவு கட்டினால் அது பலவீனமான முடிவாகவே இருக்கும்.

ஆய்வுக்கு வலுவூட்டுவது இரண்டாவது கணக்கு. செய்தித்தாள்கள் பெரிதுபடுத்தாத பகுதியும் இதுவே. 10 பாகை 45 கலையில் சரிபாதியை வியாழன் எத்தனை நாள்களில் கடக்கும்? 30 நாள் என்று சொல்லத் தோன்றும், அது தவறு. தொடக்கத்தில் வேகம் அதிகமாதலால், பாதித் தொலைவு 30 நாள்களுக்கு முன்பே முடிந்துவிடும். சராசரி எடுத்து இதைத் தீர்க்க முடியாது. சரிவகத்தைச் சம பரப்புள்ள இரு துண்டுகளாக வெட்டும் கோட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடத்து வேகத்தின் வர்க்கம், இரு முனை வேகங்களின் வர்க்கங்களுடைய சராசரிக்குச் சமம். 144-ஐயும் 90¼-ஐயும் கூட்டிப் பாதியாக்கி வர்க்கமூலம் கண்டால் ஏறத்தாழ 10.8 கலை, காலம் ஏறத்தாழ 28 நாள்.

நம் மாணவர்களுக்கு இது பழகிய கணக்கே. ஒரு கம்பத்தை இரயிலின் முன்முனை ஒரு வேகத்திலும் பின்முனை வேறொரு வேகத்திலும் கடந்தால், நடுப்பகுதி எந்த வேகத்தில் கடந்தது என்று தேர்வில் கேட்கிறோமே, அதே விதி! பாபிலோனியர்களுக்கோ அது வேறொரு வழியாக வந்தது. சரிவக நிலத்தைச் சரிபாதியாகப் பங்கிடும் கணக்கு கி.மு. 1800 அளவிலேயே அவர்களுடைய ஏடுகளில் இருக்கிறது. நிலத்தைப் பங்கிட்ட விதியை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பேணிய ஒரு மரபு, அதன் ஒரு பக்கத்தில் முழத்திற்குப் பதிலாக நாள்களை வைத்து, வானத்திற்குக் கொண்டுபோயிருக்கிறது. கூட்டுத் தொடரை மட்டும் அறிந்தவருக்கு இந்தத் துணிவு வராது. எனவே ஓசன்டிரைவரின் மைய முடிவு நிற்கிறது என்பதே என் கருத்து.

ஆனால் மூன்று எச்சரிக்கைகள் வேண்டும்.

முதலாவது, ஏடுகளில் படம் ஏதும் இல்லை. அச்சுகள் வரைந்து கோடு இழுத்த வரைபடம் நமக்கு விளங்குவதற்காக இன்றைய ஆய்வாளர் வரைந்தது. படத்தைப் பார்த்த கண்ணுக்கு ஏட்டிலேயே அது இருப்பதாகத் தோன்றிவிடும். ஆசிரியராகிய எனக்கே அந்த மயக்கம் வந்தது.

இரண்டாவது, அவர்கள் எண்ணியது 'நாளொன்றுக்கு இவ்வளவு' என்ற நகர்ச்சியை. 'இந்தக் கணத்தின் வேகம்' என்ற கருத்து அவர்களிடம் இருந்ததா? நாளுக்கு நாள் இறங்கும் படிக்கட்டாக நினைத்தார்களா, வழுவழுப்பான சரிவாக நினைத்தார்களா? சரிவகம் என்ற சொல் சரிவையே சுட்டுகிறது. அதற்கு மேல் ஏடுகள் பேசவில்லை. நுண்கணிதம் என்று சொல்ல வேண்டுமானால் எந்த வளைகோட்டிற்கும் பொருந்தும் பொது முறை வேண்டும், எல்லை என்ற கருத்து வேண்டும். இரண்டும் இங்கே இல்லை. நேர்கோட்டுச் சரிவு ஒன்றுக்கு மட்டும் பொருந்தும் திறமையான உத்தி இது. அந்த அளவிலேயே பாராட்டத் தக்கது.

மூன்றாவது, முன்னதாக இருந்தது என்பதும் மூலமாக இருந்தது என்பதும் ஒன்றல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் சராசரி வேக விதியைக் கூறிய மெர்ட்டன் கல்லூரி அறிஞர்களோ, அதைப் பாரிசில் படமாக வரைந்த நிக்கோல் ஓரெமோ இந்த ஏடுகளைக் கண்டதற்குச் சான்று கிடையாது. அந்த நூற்றாண்டில் அவை மண்ணுக்குள் கிடந்தன. படிக்கத் தெரிந்தவர் எவரும் இல்லை. ஒரே உண்மையை இரு காலத்தவர் தனித்தனியே எட்டினர் என்பதுவரை சொல்லலாம்.

பழமையைப் பற்றிய செய்தி வந்தவுடன் 'முதலில் கண்டவர் யார்' என்ற ஓட்டப்பந்தயத்தைத் தொடங்கிவிடுகிறோம். பந்தயத்தில் வென்றவருக்கு மாலை விழுகிறது. அவர் உண்மையில் செய்த வேலை மறந்துபோகிறது. 'நுண்கணிதம்' என்ற பெருஞ்சொல்லைச் சூட்டியதால் பாபிலோனியக் கணக்கருக்குப் பெருமை கூடவில்லை. நிலக்கணக்கை வானக்கணக்காக்கிய அவருடைய சொந்தச் சாதனைதான் அந்தச் சொல்லுக்கு அடியில் புதைந்துவிட்டது.

வாசகர்களே, ஒரு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 12, 9½, 60 என்ற மூன்று எண்களைக் கொண்டு சரிவகத்தை வரைந்து, அதைச் சரிபாதியாக்கும் கோட்டை நீங்களே கண்டுபிடியுங்கள். 28-ஆம் நாளுக்கு அருகே உங்கள் பென்சில் நிற்கும்போது, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஈரக் களிமண்ணைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எதைச் செய்தார் என்பது எந்தச் செய்தித் தலைப்பையும்விடத் தெளிவாக உங்களுக்கு விளங்கும்.