ஒருநாள் பயிலரங்கும் அதற்கு அடுத்த திங்கட்கிழமையும்

2014 ஜூலையில் பெர்லினில் யூரோபைத்தான் மாநாடு நடந்தபோது, போலந்தைச் சேர்ந்த ஓலா சிடார்ஸ்காவும் ஓலா செண்டெட்ஸ்காவும் அதையொட்டி ஒரு பயிலரங்கு நடத்தினார்கள். நிரல் ஒரு வரிகூட எழுதியிராத பெண்கள் வந்து, ஒரே நாளில் தங்களுக்கென ஒரு வலைப்பூவைப் பைத்தான் நிரல்மொழியில் கட்டி, இணையத்தில் ஏற்றிவிட்டுப் போக வேண்டும் என்பது திட்டம். கட்டணம் இல்லை. ஜாங்கோ கேர்ள்ஸ் என்ற பெயரில் அந்தப் பயிலரங்கு பிறகு உலகின் நூற்றுக்கணக்கான நகரங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்னோடியாக ஹெல்சிங்கியில் 2010-இல் ரெயில்ஸ் கேர்ள்ஸும், சான்பிரான்சிஸ்கோவில் 2009-இல் ரெயில்ஸ்பிரிட்ஜும் தோன்றியிருந்தன. கணினித் துறையில் ஆள் குறைவாக இருக்கும் பிரிவினரை உள்ளே அழைத்துவர இன்று நடக்கும் எத்தனையோ நிகழ்வுகளுக்கு அச்சு இந்த மூன்றிலிருந்து வந்ததுதான்.

அந்த அச்சில் பாராட்ட வேண்டியது நிறைய இருக்கிறது. முதலாவது, பயத்தை அது கையாளும் விதம். முந்தின நாள் மாலையிலேயே எல்லோரையும் கூட்டி லேப்டாப்பில் மென்பொருளை நிறுவிக் கொடுத்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர் பெரும்பாலும் தோற்றுப்போவது நிரலாக்கத்தில் அல்ல, நிறுவலில்தான். விண்டோஸில் ஒரு விதம், மேக்கில் வேறு விதம் என்று இரண்டு மணி நேரம் திண்டாடியவர், 'இதெல்லாம் நமக்கு வராது' என்ற முடிவோடு எழுந்துவிடுகிறார். அந்தத் திண்டாட்டத்தைப் பாடத்திலிருந்து பிரித்து முந்தின மாலைக்குத் தள்ளியது, கற்பித்தலை நன்கு அறிந்தவர்கள் செய்த வேலை. மூன்று பேருக்கு ஒரு பயிற்றுநர் என்ற கணக்கும் அப்படியே. ஐம்பது பேருக்கு ஒருவர் மேடையில் நின்று விளக்கும் வகுப்பில் கேட்கத் தயங்கும் கேள்வியை, மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் மேசையில் கேட்டுவிடலாம்.

இத்தகைய பயிலரங்குகளில் பயிற்றுநர்களுக்குச் சொல்லித்தரும் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது: கற்பவரின் கீபோர்டைத் தொடாதே. பிழை வந்ததும் 'கொஞ்சம் நகருங்க, நான் பார்க்கிறேன்' என்று சொல்பவர் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார். ஆனால் அவர் உட்கார்ந்த நொடியில் கற்பவர் வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார். பிழை தீர்ந்தாலும் அது எப்படித் தீர்ந்தது என்று அவருக்குத் தெரிவதில்லை. நியூயார்க்கில் ரிகர்ஸ் சென்டர் என்ற நிரலாக்கக் கற்றல் கூடம் இதற்கு இணையான இன்னொரு விதியை வைத்திருக்கிறது. யாராவது எதையாவது தெரியாது என்றால், வியந்ததுபோல் காட்டிக்கொள்ளக் கூடாது. 'அட, டெர்மினல்னா என்னன்னே தெரியாதா?' என்ற ஒரு கேள்வி ஒருவரை எத்தனை மாதங்களுக்கு வாய் திறக்காமல் செய்யும் என்பது, நகரத்துப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் கிராமத்திலிருந்து வந்து உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஓர் அறைக்குள் மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்ள வேண்டும் என்பதையும் பாடத்திட்டத்தின் பகுதியாக்கியது இந்த இயக்கங்களின் பெரிய கொடை.

பெண்களுக்கென்று தனி நிகழ்வு எதற்கு, அது இன்னொரு வகைப் பிரிவினை இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. ரெயில்ஸ்பிரிட்ஜ் இதற்கு அழகான வழி கண்டது: ஆண்களும் வரலாம், ஒரு பெண்ணின் விருந்தினராக. அழைக்கும் உரிமை வழக்கத்துக்கு மாறாக ஒரு நாள் கைமாறுகிறது, அவ்வளவே. இந்த ஆட்சேபத்துக்கு இதற்கு மேல் இடம் தரத் தேவையில்லை.

என் மனக்குறை வேறு. ஞாயிறு மாலை வலைப்பூ இணையத்தில் ஏறிவிட்டது, எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டாயிற்று. திங்கட்கிழமை, பயிலரங்குக்கு வந்த ஒரு பெண் தன் அறையில் தனியாக உட்கார்ந்து, அந்த வலைப்பூவில் ஒரு சிறு மாற்றம் செய்யப் பார்க்கிறாள். திரை முழுக்கச் சிவப்பில் எரர் வருகிறது. நேற்று பக்கத்தில் இருந்த பயிற்றுநர் இன்று இல்லை. பாடத்தில் இருந்ததைத் தட்டச்சு செய்து ஒரு பொருளை முடித்ததற்கும், அது ஏன் ஓடுகிறது என்று புரிந்துகொண்டதற்கும் உள்ள தூரம் அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. ஒரே நாளில் ஒரு முழுப் பொருளைக் காட்ட வேண்டும் என்ற திட்டமே இந்த இடைவெளியை உண்டாக்குகிறது. நடத்துபவர்களின் அறிக்கைகளோ எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்லும் அளவுக்கு, ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்வதில்லை. பணம் தரும் நிறுவனங்களுக்கும் முதல் எண் போதுமானதாக இருக்கிறது.

இதை மாற்ற முடியும் என்பதற்குச் சான்று ரெயில்ஸ்பிரிட்ஜிலேயே இருக்கிறது. அதைத் தொடங்கிய சாரா ஆலன், சாரா மெய் இருவரும் ஒரே நகரத்தில் பயிலரங்கைத் திரும்பத் திரும்ப நடத்தினார்கள். போன முறை கற்றவர் அடுத்த முறை உதவியாளராக வந்தார். சான்பிரான்சிஸ்கோவின் ரூபி நிரல்மொழிக் குழுவில் பெண்களின் பங்கை 18 விழுக்காட்டுக்கு உயர்த்திய கதையை அவர்களே மேடையில் சொல்லியிருக்கிறார்கள். திரும்பி வர ஓர் இடம் இருந்ததுதான் அங்கே வேலை செய்தது என்பது என் கணிப்பு. அவுட்ரீச்சி திட்டம் வேறு வழியில் போகிறது. ஏறக்குறைய மூன்று மாதம், வழிகாட்டியோடு, திறந்த மூல மென்பொருளில் வேலை. அதற்கு 7,000 டாலர் உதவித்தொகை. வாடகை கொடுக்க வேண்டியவருக்குக் கற்க நேரம் கிடைக்க வேண்டுமானால் பணம் வேண்டும் என்று அது ஒப்புக்கொள்கிறது. ஆனால் தேர்வாவதற்கு முன்பே சில வாரம் கூலியில்லாமல் பங்களிப்பு செய்து காட்ட வேண்டும். உள்ள இடங்களும் கொஞ்சம்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகம் செய்தது இவை எல்லாவற்றையும்விட ஆழமானது. அங்கே கணினி அறிவியல் இளநிலைப் படிப்பில் சேரும் பெண்கள் 1995-இல் 7 விழுக்காடு, 2000-இல் 42. ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் இருவரும் 2002-இல் எழுதிய நூலில் இதன் காரணங்களைக் காணலாம். ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்குச் சேர்க்கையில் கிடைத்த முன்னுரிமையைப் பல்கலைக்கழகத்தில் நீக்கினார்கள். அனுபவம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் வெவ்வேறு தொடக்க வகுப்புகள் வைத்தார்கள். வர வேண்டியவர்களுக்குத் தைரியம் சொல்வதோடு நிற்காமல், நிறுவனம் தன் வாசலையே மாற்றிக்கட்டியது. ஒருநாள் நிகழ்வுக்குப் பணம் கொடுத்துப் பதாகையில் பெயர் போட்டுக்கொள்ளும் ஒரு நிறுவனம், தன் நேர்முகத் தேர்வு முறையை மட்டும் தொடாமல் விட்டால், அந்த நிகழ்வு ஆட்களைத் திரட்டிக்கொண்டுபோய் மூடிய கதவின் முன் நிறுத்துகிறது.

இந்த அச்சைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே கொண்டுவருவதில் இன்னொரு சிக்கல். இங்கே பொறியியல் கல்லூரிகளின் கணினி வகுப்புகளில் பெண்களுக்குப் பஞ்சமில்லை. மேலைநாடுகளில் எழுந்த கேள்விக்கு அங்கே உருவான விடை, இங்குள்ள கேள்வியைப் பாதிதான் தொடும். தமிழ்வழியில் படித்தவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி, கலைக்கல்லூரி மாணவி, விடுதி வாசல் மாலையிலேயே மூடிவிடுவதால் முந்தின நாள் நிறுவல் கூட்டத்துக்கு வர முடியாதவள்: இவர்கள்தான் இங்கே எண்ணிக்கையில் இல்லாதவர்கள். ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம், 'ஏன் கலந்துகொள்ள விரும்புகிறீர்கள்' என்று ஒரு பத்தி, 'லேப்டாப் கொண்டுவரவும்' என்று ஒரு வரி. இந்த மூன்றுமே நல்லெண்ணத்தோடு வைத்த வடிகட்டிகள். மூன்றாவது வரியின் கனத்தை 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் எத்தனையோ வீடுகளில் குறைத்தது. எந்தப் பயிலரங்காலும் அதைச் செய்திருக்க முடியாது. முதல் இரண்டிலும் உள்ள மொழித் தடைக்கு வழி காட்டுபவர்கள் தமிழிலேயே இருக்கிறார்கள். 2012 முதல் இயங்கும் கணியம் குழு, கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. மை எஸ்க்யூஎல் முதல் ஹெச்டிஎம்எல் வரை து. நித்யா எளிய தமிழில் எழுதிய நூல்களை யாரும் காசில்லாமல் தரவிறக்கிக்கொள்ளலாம். திங்கட்கிழமை எரரோடு தனியாக இருக்கும் பெண்ணுக்கு எட்டக்கூடியது இதுதான்.

அடுத்து நடக்கவிருக்கும் பயிலரங்குகளை ஏற்பாடு செய்பவர்களிடம் ஒரு கோரிக்கை. சட்டைக்கும் பைக்கும் ஒதுக்கும் பணத்தில் வட்டாரக் கல்லூரியின் கணினி ஆய்வகம் ஒன்றை வாரம் ஒரு மாலை என மூன்று மாதத்துக்குப் பிடியுங்கள். தொலைவிலிருந்து வருபவர்களுக்குப் பேருந்துக் கட்டணம் கொடுங்கள். ஆண்டாண்டாக வார விடுமுறையைக் கொடுத்துக் களைத்துப்போன அதே நான்கைந்து பெண்களிடம் மறுபடியும் இலவசமாக வரச் சொல்லாமல், பயிற்றுநர்களுக்கு ஊதியம் கொடுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலும் வையுங்கள், வாய்மொழியாகச் சொல்லவும் இடம் கொடுங்கள். பன்னிரண்டாவது வாரம் அந்த ஆய்வகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணி, அந்த எண்ணை அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுங்கள்.