துளியின் நிதானம்

சொட்டுநீர்க் குழாயில் எனக்கு மிகவும் பிடித்த பாகம், விரல்நுனி அளவேயான டிரிப்பர். அதனுள் நெளிந்தோடும் குறுகிய தடத்தில் நீர் முட்டி மோதி வேகம் தணிகிறது. மணிக்கு 2 அல்லது 4 லிட்டராக வேரடியில் இறங்குகிறது. இஸ்ரேலியப் பொறியாளர் சிம்கா பிளாஸின் இந்த யோசனையை 1965இல் தொழிலாக்கியது, நெகேவ் பாலைவனத்து ஹட்செரிம் என்ற கூட்டுப்பண்ணை. அப்படிக் கூட்டுப்பண்ணையில் வேரூன்றியதால், பலர் சேர்ந்து வளர்க்கும் சமூகத் தோட்டத்துக்குச் சொட்டுநீர் பிறவிச் சொந்தம்.

16 மி.மீ. குழாயை வெயிலில் இளகவிட்டுப் பாத்தியோரம் விரிப்பது, வடிகட்டி பொருத்துவது, முனையை மூடுமுன் தண்ணீரைத் திறந்துவிட்டு உள்ளிருக்கும் மண்ணை அலசுவது எல்லாமே நாலு பேர் கூடிச் செய்ய இனிய வேலைகள். அழுத்தம் சீராக இருந்தால் முதல் பாத்தித் தக்காளிக்கும் கடைசிப் பாத்திக் கத்தரிக்கும் ஒரே அளவு நீர். பங்கீட்டில் இத்தனை நேர்மையான கருவி வேறொன்றை நான் அறியேன்.