மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும்

மதுரை வட்டாரத்துத் திண்ணைகளில் கரிக்கோடாகவும், கோயில் மண்டபக் கல்தளங்களில் கீறலாகவும் காணப்படும் ஆடுபுலி ஆட்டத்தில் இருவர் சமமற்ற இரண்டு பாத்திரங்களை ஏற்று மோதுவதே, பல ஆண்டுகள் கழித்து அதனிடம் திரும்புவோரை முதலில் ஈர்க்கிறது. உச்சிப்புள்ளியிலிருந்து விரியும் நான்கு கோடுகளை மூன்று குறுக்குக்கோடுகளும் ஓர் அடிக்கோடும் வெட்ட, குறுக்குக்கோடுகளின் முனைகளை இருபுறமும் இணைத்து அடைத்தால் 23 சந்திகள் அமைகின்றன. உச்சியை ஒட்டி 3 புலிகள் முன்பே நிற்க, 15 ஆடுகள் முறைக்கு ஒன்றாக இறக்கப்படுகின்றன. அடுத்துள்ள ஆட்டை நேர்கோட்டில் தாண்டி அப்பாலுள்ள வெறும் சந்தியில் இறங்கும் புலி அந்த ஆட்டை வெட்டிவிடுகிறது. ஆட்டுக்கோ வெட்டும் உரிமை இல்லை, நெருங்கி நின்று புலிகளை நகரவிடாமல் அடைப்பதே அதன் வெற்றி.

சிறுவயதில் புலியாக இருக்கவே போட்டி நடக்கும். வயதேறித் திரும்புவோருக்கு ஆட்டின் பக்கமே சுவை மிகுந்தது: ஆடாக நிற்கும் முதல் புளியங்கொட்டையை மூலைச்சந்தியில் வைக்கிறார்கள், ஏனெனில் அங்கே கோடு முடிந்துவிடுவதால் தாண்டி இறங்க இடமில்லை, அடுத்த கொட்டை அதை ஒட்டி அமர்கிறது, பிறகு மற்றொன்று. இந்தப் பொறுமைக்கு ஈடான அழகு பகடையை நம்பும் தாயத்தில் இல்லை.

மதுரைக்கு அருகிலுள்ள கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் பகடையும் கிடைத்திருப்பது, இம்மண்ணின் ஆட்ட விருப்பம் எவ்வளவு பழையது என்று காட்டுகிறது. ஆடுபுலி ஆட்டத்துக்கு வேண்டிய புளியங்கொட்டையும் கூழாங்கல்லும் கரித்துண்டும் இன்றும் கைக்கெட்டும் தொலைவில்தான் கிடக்கின்றன.