டிக்கன்ஸ் மேடையில் வாசித்தபோது

சார்லஸ் டிக்கன்ஸ் மேடையேறும்போது கையில் புத்தகம் இருக்கும். அதைப் பார்க்க வேண்டிய தேவை அவருக்குப் பெரும்பாலும் இருந்ததில்லை. வாசிக்கப்போகும் பகுதி அத்தனையும் மனப்பாடம். முகத்தில் எரிவாயு விளக்கின் ஒளி விழும். எதிரே இருந்த சிறு மேசைகூட அவரே வடிவமைத்தது, உடலசைவை மறைக்காதபடி. ஒரு நொடி 'கிறிஸ்துமஸ் கரோல்' கதையின் கஞ்சன் ஸ்க்ரூஜ், மறுநொடி அவனிடம் கூலிக்கு நடுங்கும் கிராட்சிட். ஒரே தொண்டைதான், ஆனால் ஒரு தெருவே பேசும்.

1853 டிசம்பரில் பர்மிங்காம் நகர மண்டபத்தில் 'கிறிஸ்துமஸ் கரோல்' வாசித்தது நன்கொடை திரட்டுவதற்காக. தொழிலாளர்கள் குறைந்த கட்டணத்தில் கேட்க ஓர் இரவை ஒதுக்கவேண்டும் என்று அவரே வற்புறுத்தினார். 1858இல் சொந்த வருமானத்துக்காக வாசிக்கத் தொடங்கிய பிறகும் ஒரு ஷில்லிங் இருக்கைகள் இருந்தன. அவருடைய நாவல்கள் மாதத் தவணைகளாக வெளிவந்த காலம் அது. வீட்டில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். அந்தக் கூடத்துப் பழக்கத்தைத்தான் அவர் ஊர்மண்டபத்துக்குக் கொண்டுபோனார். எழுத்தறியாதவருக்கும் அங்கே கதையில் பங்கு கிடைத்தது. இதைவிடப் பெரிய நன்மை எந்த வாசிப்பு மேடைக்கும் இருக்க முடியாது.

பணத்துக்கு வாசிப்பது எழுத்தாளனின் கௌரவத்துக்கு இழுக்கு என்றார் நண்பர் ஜான் ஃபார்ஸ்டர். அந்தக் குற்றச்சாட்டில் வலுவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது.

'பிளீக் ஹவுஸ்', 'லிட்டில் டாரிட்' இரண்டும் மேடைக்கு வரவே இல்லை. 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' பகுதியைத் தயாரித்து வைத்தும் அவர் வாசிக்கவில்லை. 'பிளீக் ஹவுஸ்' காட்டுவதுபோல், நீதிமன்றத் தாமதம் ஒரு குடும்பத்தையே அரித்துத் தின்பதை நூற்றுக்கணக்கான பக்கங்களில் கட்டியெழுப்பலாம். இரண்டு மணி நேரத்தில் முடியாது. சிரிப்பும் கண்ணீரும் உடனே கிளம்பும் இடங்களையே மேடை கேட்டது. அப்படிக் கேட்டு வாங்கியதில் மிகக் கொடியது, 'ஆலிவர் ட்விஸ்ட்' நாவலில் நான்சி என்ற பெண்ணை சைக்ஸ் என்ற திருடன் கொல்லும் காட்சி. நாவலில் அந்தக் கொலைக்குப் பின் குற்றவுணர்வு துரத்த அவன் அலையும் பகுதி நீண்டது. மேடைக்கான முதல் வடிவம் கொலையோடு முடிந்துவிட்டது. நண்பர்கள் சொன்ன பிறகே சைக்ஸின் ஓட்டம் சுருக்கமாகச் சேர்ந்தது. அச்சத்தைக் காட்டுவதில் டிக்கன்ஸ் வென்றார். அந்த அச்சத்துக்கு நாவல் தந்திருந்த ஆழம் மேடையில் குறைந்தது.

1869 ஜனவரியில் இந்தக் கொலைக்காட்சி பொதுமேடைக்கு வந்தது. வாசித்து முடிக்கும்போது அவருடைய நாடித்துடிப்பு வழக்கமான 72இலிருந்து 110ஐத் தாண்டிப்போனது. 1870இன் வாசிப்புகளில் மருத்துவர் உடனிருந்து இதைக் குறித்துவைத்தார். அதற்கு முன்பே, 1869 ஏப்ரலில், உடல் முறிந்து வாசிப்புப் பயணத்தை நிறுத்த நேர்ந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் அமெரிக்காவில் கடும் சளியோடு 76 வாசிப்புகளை முடித்துத் திரும்பியிருந்தார். அங்கே ஒரு வாசிப்பைக் கேட்ட மார்க் ட்வெயின், உணர்ச்சி இல்லாத வாசிப்பு என்று ஏமாற்றத்தோடு எழுதினார். திரும்பத் திரும்ப ஒரே அழுகையை அழுகிறவருக்கு அது நேராமல் இருக்குமா?

வருமானம் பெரியது, கைதட்டல் அதனினும் பெரியது. ஆனால் 1865இல் 'அவர் மியூச்சுவல் ஃப்ரெண்ட்' முடிந்த பிறகு நான்கு ஆண்டுகளுக்கும் மேலாகப் புதிய நாவல் எதுவும் வெளிவரவில்லை. 1870 மார்ச் 15ஆம் தேதி லண்டனில் கடைசி வாசிப்பு. அடுத்த மாதம் 'எட்வின் ட்ரூட்' என்ற புதிய நாவலின் தவணைகள் தொடங்கின. ஜூன் 9ஆம் தேதி, 58 வயதில் அவர் இறந்தபோது, திட்டமிட்ட பன்னிரண்டு தவணைகளில் ஆறுக்கான எழுத்துதான் கையில் இருந்தது.