புஞ்ஞீனியின் வழிபாட்டுச் சீர்திருத்த வரலாறு: ஒரு திறனாய்வு

கத்தோலிக்கத் திருச்சபையின் இலத்தீன் வழிபாட்டு முறை இருபதாம் நூற்றாண்டில் அடைந்த மாற்றம், அதற்கு முந்திய நானூறு ஆண்டுகளில் அடைந்த மாற்றங்கள் அனைத்தினும் பெரிது. 1570-இல் ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்ட பூசை நூல், இடையிடையே சிறு திருத்தங்கள் பெற்று, 1969 வரை ஆட்சியில் இருந்தது. அவ்வாண்டு ஏப்பிரல் 3-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் (இன்று ஆறாம் பவுல் என வழங்கப்பெறுபவர்) புதிய பூசை நூலுக்கு இசைவளித்தார். இம் மாற்றத்தைச் செய்தவர் யார் என வினவின், பெரும்பாலும் ஒருவர் பெயரே விடையாக வரும்: அன்னிபாலே புஞ்ஞீனி. சீர்திருத்தத்தைப் போற்றுவோர் அவரைச் சிற்பி என்பர். தூற்றுவோர் அவரை இடித்தவர் என்பர். வேறெதிலும் ஒன்றுபடாத இருசாராரும், செய்தவர் ஒருவரே என்பதில் மட்டும் ஒன்றுபடுகின்றனர். அவ்வொற்றுமைதான் நமக்கு ஐயம் விளைக்கின்றது.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. 2007-இல் பதினாறாம் பெனடிக்ட் பழைய பூசை நூலைப் பரவலாகப் பயன்படுத்த இசைவளித்தார். 2021-இல் பிரான்சிசு அவ்விசைவைப் பெரிதும் சுருக்கினார். இவ்விரு ஆணைகளையும் சுற்றி எழுந்த வழக்காடலில், புதிய பூசை நூல் பொதுச்சங்கத்தின் கருத்தா அன்றித் தனியொருவர் கருத்தா என்பது மீண்டும் மீண்டும் தலைகாட்டிற்று. ஆதலின், இதற்குச் சான்றாக இருதரப்பாரும் எடுத்தாளும் நூலை நடுநின்று ஆராய்தல் வேண்டும். அந்நூல் புஞ்ஞீனி தாமே எழுதியது. 'வழிபாட்டுச் சீர்திருத்தம் 1948–1975' என்று பொருள்படும் தலைப்புடன், அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1983-இல் இத்தாலிய மொழியில் வெளிவந்தது. 1990-இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பெற்றது.

ஆசிரியர் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1912-இல் உம்பிரியா நாட்டுப்புறத்தில் பிறந்தவர். வின்சென்ட் தே பவுல் சபையைச் சார்ந்த குரு. பன்னிரண்டாம் பத்திநாதர் 1948-இல் அமைத்த சீர்திருத்தக் குழுவிற்கும், 1960-இல் பொதுச்சங்கத்திற்கு முன்னோடியாக அமைந்த வழிபாட்டுக் குழுவிற்கும் செயலர். 1962-இல் சங்கம் தொடங்கியபோது முன்னோடிக் குழுக்களின் செயலர்களுள் இவர் ஒருவர்தாம் மீண்டும் அமர்த்தப்பெறவில்லை. அவ்விடத்தில் அந்தொனெல்லி அமர்ந்தார். 1964-இல் ஆறாம் சின்னப்பர் இவரை அழைத்து, சங்க முடிவுகளைச் செயற்படுத்தும் 'கொன்சீலியம்' என்னும் புதிய குழுவின் செயலராக்கினார். பதினோராண்டு கடந்து 1975-இல் அப்பணியின் தொடர்ச்சியாக அமைந்த வழிபாட்டுப் பேராயமே கலைக்கப்பட, 1976-இல் ஈரானுக்குத் தூதராக அனுப்பப்பெற்றார். உயர்த்தப்பட்டும் இருமுறை விலக்கப்பட்டும் வாழ்ந்த ஒருவர் தம் பணியைத் தாமே வரலாறாக எழுதுங்கால், அவ்வரலாறு ஓரளவு வழக்குரையாகவும் அமைதல் இயல்பு.

தலைப்பிலுள்ள 1948 என்னும் ஆண்டையே முதற்கண் நோக்குவோம். ஒரு வரலாறு எங்கே தொடங்குகின்றது என்பதிலேயே அதன் கொள்கை பாதி வெளிப்பட்டுவிடும். 1948 என்பது உரோமை நகரில் குழு அமைந்த ஆண்டு; ஆசிரியர் அக்குழுவின் செயலரான ஆண்டும் அதுவே. ஆயின் சீர்திருத்த எண்ணம் உரோமையிற் பிறந்ததன்று. 1833-இல் சொலேம் மடத்தை மீட்டெழுப்பிய கெராஞ்சே உரோமை வழிபாட்டின்மீது புதிய பற்றினை ஊட்டினார். 1903-இல் பத்தாம் பத்திநாதர் திருவிசை குறித்து எழுதிய மடலில், மக்கள் வழிபாட்டில் ஈடுபட்டுப் பங்குகொள்ளுதல் என்னும் கருத்து இடம்பெற்றது. 1909-இல் பெல்கிய நாட்டு மாலின் நகர மாநாட்டில் லாம்பேர் போதுவென் என்னும் துறவி, பூசை நூல் மக்கள் கைக்கு அவர்தம் மொழியிற் சென்று சேரவேண்டும் என வாதிட்டார். செருமானிய நாட்டில் குவார்தினி 1918-இல் வழிபாட்டின் உள்ளுணர்வு பற்றிச் சிறு நூல் ஒன்று எழுதினார். இன்சுபுருக்கு நகரத்து இயேசு சபைப் பேராசிரியர் யுங்மன், நாசி ஆட்சி தம் இறையியற் கல்லூரியை மூடிவிட்ட காலத்தில் திருப்பலியின் வரலாற்றை அடுக்கடுக்காகத் தோண்டியெடுத்து எழுதிய பெருநூல் 1948-இல் வெளிவந்தது. எப்பகுதி எந்நூற்றாண்டிற் சேர்ந்தது என்பதை அந்நூல் காட்டிய பின்னரே, எதனை நீக்கலாம் என்னும் வினா குழுக்களின்முன் தெளிவாக எழுந்தது எனலாம். இவற்றைப் புஞ்ஞீனி அறியாதவர் அல்லர். எனினும் குழுவின் கதையைச் சீர்திருத்தத்தின் கதையாக அவர் அமைத்ததனால், வேர்கள் மண்ணுள் மறைந்து மரம் மட்டும் புலனாகின்றது. ஒருவரே செய்தார் என்னும் கொள்கைக்கு, அதனை மறுக்க எழுந்த நூலே இவ்வாறு துணை போகின்றது.

இனி நூலின் நடையைப் பார்ப்போம். 900 பக்கத்தை விஞ்சும் இந்நூலில் ஆசிரியர் பெரும்பாலும் தம்மைப் படர்க்கையிலேயே சுட்டுகின்றார். கூட்டம் நடந்தது, வரைவு முன்வைக்கப்பட்டது, திருத்தம் வேண்டப்பட்டது என்று செய்திகள் அடுக்கப்படுகின்றன. ஏறத்தாழ 40 ஆய்வுக் குழுக்களின் பணி இவ்வாறு பதிவு பெற்றுள்ளது. இதற்காக நூலாசிரியர்க்கு நாம் பெரிதும் கடப்பாடுடையோம். ஆனால் நாற்பது குழுக்களிலிருந்தும் வந்த தாள்கள் ஒரு மேசையின்மீது குவிந்தன. அவற்றுள் எது முதலிற் பாப்பரசரிடம் சென்றது, எவ்விளக்கத்தோடு சென்றது, எது காத்திருந்தது என்பனவற்றை அம்மேசைக்குரியவரே அறிவர். அவ்விடத்தில் நூல் பேசாதிருக்கின்றது. தற்புகழ்ச்சிக்கு அஞ்சிய அடக்கம் என்று இதனைக் கொள்ளலாம். பொறுப்பைப் பகிர்ந்துவிடும் வழி என்றும் கொள்ளலாம். இரண்டும் கலந்தது என்பதே நம் கருத்து.

தமிழ் கற்றார்க்கு இச்சிக்கல் புதியதன்று. நம் தொகை நூல்களைக் குறிக்குங்கால் தொகுத்தோன் வேறு, தொகுப்பித்தோன் வேறு என முன்னோர் பிரித்துரைத்தனர். அகநானூற்றைத் தொகுத்தவர் உருத்திரசன்மர், தொகுப்பித்தவன் உக்கிரப்பெருவழுதி. நற்றிணையைத் தொகுப்பித்த மாறன் வழுதியின் பெயர் நின்றது. தொகுத்தவர் பெயர் மறைந்தது. பாடியோர் இவ்விருவரினும் வேறாவர். இப்பாகுபாட்டைப் புதிய பூசை நூலுக்குப் பொருத்தின், குழப்பத்திற் பெரும்பகுதி நீங்கும். யுங்மன், வாக்னர், வகஜ்ஜீனி, போத், மர்த்திமோர் முதலியோரைப் பாடினோர் நிலையில் வைக்கலாம். புஞ்ஞீனி தொகுத்தோர். தொகுப்பித்தவர் ஆறாம் சின்னப்பர்.

தொகுப்பித்தவர் பெயரளவில் நின்றவர் அல்லர் என்பதற்கு இந்நூலே சான்று. வரைவுகளைப் பாப்பரசர் தாமே படித்துக் குறிப்பெழுதித் திருப்பியனுப்பிய செய்திகள் இதன்கண் நிரம்ப உள. பழைய உரோமை நற்கருணை மன்றாட்டைத் திருத்தி அமைக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதியபோது, அதனைத் தொடாது விட்டுப் புதியனவற்றை உடன்வைக்குமாறு பணித்தவர் அவர். தொடக்கத்துச் சிலுவை அடையாளம் நின்றதும் அவர் விருப்பத்தால். 1967 அக்டோபரில் ஆயர் மாமன்றத்தின்முன் புதிய திருப்பலியின் மாதிரி வைக்கப்பட்டபோது ஏற்றோர் 71 பேர். மறுத்தோர் 43 பேர். திருத்தத்துடன் ஏற்றோர் 62 பேர். பொதுச்சங்கத்தில் வழிபாட்டு ஏடு 1963 திசம்பர் 4-இல் 2,147 வாக்கும் எதிராக வெறும் 4 வாக்கும் பெற்றதனோடு இதனை ஒப்பிட்டால், கொள்கைக்குக் கிடைத்த ஒருமனம் அதன் வடிவத்திற்குக் கிடைக்கவில்லை என்பது விளங்கும். அதன் பின்னரும் பணியை நிறுத்தாது நடத்தியவர் பாப்பரசரே. செயலர் ஒருவரால் அஃது இயல்வதன்று.

இதற்கு மாறாக ஒரு வலிய சான்று உண்டு. ஆலோசகருள் ஒருவராகிய லூயி பூயே தம் நினைவுக் குறிப்புகளில், புஞ்ஞீனி அறிஞரிடம் 'இது பாப்பரசர் விருப்பம்' என்றும், பாப்பரசரிடம் 'இது அறிஞர் ஒருமித்த கருத்து' என்றும் கூறி இருபாலும் இசைவு பெற்றார் என எழுதுகின்றார். பின்னர்ப் பாப்பரசரோடு உரையாடியபோதுதான் இது தமக்குத் தெரிந்தது என்பது அவர் கூற்று. இதனை எளிதில் தள்ளிவிடலாகாது. சொன்னவர் அவைக்களத்தில் இருந்தவர். எளிதில் ஏற்கவும் ஆகாது. 2004-இல் மறைந்த பூயேயின் குறிப்புகள் 2014-இல்தான் அச்சேறின. புஞ்ஞீனியும் ஆறாம் சின்னப்பரும் மறுமொழி கூற இல்லை. எள்ளலிற் கைதேர்ந்த அவர் நடை, ஆட்களைத் தீட்டும்போது அளவிறந்து செல்வதும் உண்டு. பணி விரைந்து நடந்ததைக் குறைகூறும் அந்தொனெல்லியின் நாட்குறிப்புகள் 1998-இல் வெளிவந்தன. அவை நிகழ்ச்சிக்கு அணித்தாக எழுதப்பட்டவை ஆதலின் அவற்றிற்கு நாம் கூடுதல் மதிப்பளிப்போம். எழுதியவர், 1962-இல் புஞ்ஞீனி இழந்த இடத்தைப் பெற்றவர் என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும்.

இரண்டாம் நற்கருணை மன்றாட்டின் வரலாறு தனியே நோக்கற்குரியது. பாட ஆராய்ச்சியிற் பழகியோர்க்கு இதனினும் சுவையான பகுதி சீர்திருத்த வரலாற்றில் இல்லை. 'அப்போஸ்தல மரபு' எனப் பெயரிட்டு வழங்கும் பழைய ஏட்டின் கிரேக்க மூலம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. வெரோனா நகரத்து இலத்தீன் ஏடு, அழித்தெழுதப்பட்ட தோலின் அடியில் சிதைவுற்றுக் கிடைத்தது. எஞ்சியன கோப்தியம், அரபு, எத்தியோப்பியம் ஆகிய மொழிபெயர்ப்புகள். இவற்றை ஒப்பிட்டு மூலத்தை மீட்டமைத்துப் பெர்னார் போத் 1963-இல் பதிப்பித்தார். மூன்றாம் நூற்றாண்டு உரோமையின் இப்போலித்து என்பார் இயற்றியது என்பது அந்நாளில் பெரும்பாலோர் துணிபு. அத்துணிபின்மேல், உரோமையின் மிகப் பழைய மன்றாட்டை மீட்டுவிட்டோம் என்னும் மகிழ்ச்சியில் இரண்டாம் மன்றாட்டு உருவாயிற்று. முடிந்த வடிவைப் போத்தும் தாமும் திராஸ்தெவெரே பகுதியில் ஓர் உணவுவிடுதி முற்றத்தில் அமர்ந்து, காலக்கெடு நெருக்க விரைந்து செப்பமிட்டதாகப் பூயே கூறுகின்றார். பழைய ஏட்டில் இல்லாத 'தூயவர்' என்னும் துதி சேர்க்கப்பட்டது. 1968 மே 23-இல் ஏனைய இரண்டுடன் இதற்கும் ஒப்புதல் கிடைத்தது.

பின்னர் நடந்ததென்ன? அவ்வேடு இப்போலித்துடையது என்பதும், உரோமையது என்பதும், ஒருவர் இயற்றியது என்பதும் ஐயத்திற்குள்ளாயின. 2002-இல் பிராட்ஷா, ஜான்சன், பிலிப்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட விரிவுரை, பல காலத்துப் பல இடத்து அடுக்குகள் கலந்த ஏடு அது என்னும் முடிவை வற்புறுத்துகின்றது. இன்று உலகெங்கும் மிகுதியாகச் சொல்லப்படும் மன்றாட்டுகளுள் ஒன்று, ஒரு தலைமுறை அறிஞரின் பாடத்துணிபின்மேல் நிற்கின்றது! இதனாற் புஞ்ஞீனியை வஞ்சகர் என்பார் உளர், அது பொருந்தாது. அவர் காலத்துத் தலைசிறந்த பதிப்பாசிரியர் கூறியதையே அவர் ஏற்றார். பதிப்பாசிரியர் திருத்தத்தை அடுத்த பதிப்பில் மாற்றலாம். மக்கள் வாயிற் புகுந்துவிட்ட வழிபாட்டை அவ்வாறு மாற்றுதல் எளிதன்று. ஆய்வின் முடிபை உடனுக்குடன் வழிபாடாக்கும் துணிவே இச்சீர்திருத்தத்தின் மெலிந்த இடம் என்பது நம் கருத்து. இதனைப் பற்றிய கவலை புஞ்ஞீனியின் நூலில் தென்படவில்லை.

எதிர்ப்போர் முறையிலும் குறை உண்டு. 1965 மார்ச்சில் வத்திக்கான் நாளிதழில், பிரிந்த சகோதரர்க்கு இடறலாகும் சொற்களை நீக்குதல் பற்றிப் புஞ்ஞீனி எழுதிய தொடரை, திருப்பலி முழுவதற்கும் அவர் கூறியதாகப் பலரும் எடுத்துக்காட்டுவர். அவர் பேசியதோ பெரிய வெள்ளியன்று சொல்லும் மன்றாட்டுகளைப் பற்றி மட்டுமே. முன்பின் நோக்காது ஓரடியைப் பிரித்தெடுத்துப் பொருள் கொள்வார் எத்துறையிலும் உளர் போலும். அவர் மேசன் கழகத்தைச் சார்ந்தவர் என்னும் குற்றச்சாட்டும் இத்தகையதே. அதனை நூலின்கண் அவர் முற்றும் மறுத்துள்ளார். ஏற்கத்தக்க சான்று ஒன்றும் இன்றுவரை வெளிவந்ததில்லை.

பாடினோர், தொகுத்தோர், தொகுப்பித்தோர் என்னும் மூவர்க்கும் அப்பால் நாலாமவர் ஒருவரும் உண்டு. 1965 மார்ச் 7 முதல் தாய்மொழிகள் திருப்பலியிற் புகுந்தன. சங்க ஏடு இலத்தீனைக் காக்கவும் கூறிற்று. தாய்மொழிக்கு இடந்தரவும் கூறிற்று. சில ஆண்டுகளில் இரண்டாவதே எங்கும் ஓங்கியது. 1969 சனவரியில் வெளிவந்த நெறிமுறை, சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதினும் பொருளை மக்கள் உணரப் பெயர்த்தலைச் சிறப்பித்தது. 2001-இல் வந்த நெறிமுறை மூலச் சொல்லை நெருங்கி நிற்குமாறு பணித்தது. அதே 1969-இல், தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், எண்ணெய் விளக்கேற்றல், ஆரத்தி எடுத்தல் முதலிய பன்னிரு கூறுகள் இந்திய நாட்டிற்கு ஒப்பப்பட்டன. இவை உரோமை மேசையிற் பிறந்தவை அல்ல; இந்திய ஆயர் கேட்டுப் பெற்றவை. இம்முயற்சியில் முன்னின்ற அமலோற்பவதாஸ் அடிகள் தமிழ்நாட்டவர். ஆனால் 'பலிபூசை' 'திருப்பலி' ஆனதும், வடசொற்கள் விலகித் தமிழ்ச்சொற்கள் அமர்ந்ததும் எவ்வெவர் கையால், எவ்வெவ் வரைவுகளின் வழியாக என்பதைப் புஞ்ஞீனியின் நூலில் தேடிப் பயனில்லை. பெயர்த்தோர் பெயர்கள் பூசை நூலின் முகப்பிலும் இடம்பெறுவதில்லை. அவ்வரைவுகளை மறைமாவட்ட ஏட்டறைகளில்தான் தேடுதல் வேண்டும்.