திண்ணையில்லா முகப்பு: கல்லூரி இணையதளங்களின் முதற்பக்கம் பற்றிய ஒரு திறனாய்வு

இணையதளத்தின் முதற்பக்கத்திற்கு நாம் ‘முகப்பு’ என்று பெயரிட்டிருக்கிறோம். இச்சொல் வீட்டிலிருந்து வந்தது. நம் முன்னோர் வீட்டு முகப்பிலே திண்ணை அமைத்தனர். வழிப்போக்கர் அமர்ந்து இளைப்பாறவும், வந்த காரியத்தைச் சொல்லி விசாரிக்கவும் அது இடமளித்தது. குடும்பத்தாரின் படங்கள் உள்ளே கூடத்தில் மாட்டப்பட்டிருந்தன. திருச்சபைகள் நடத்தும் கல்லூரிகளின் இணைய முகப்புகளைப் பார்வையிடுகையில், திண்ணையை இடித்துவிட்டுக் கூடத்துப் படங்களை அவ்விடத்தில் மாட்டிவிட்டோமோ என்னும் ஐயம் எழுகிறது.

இறையியல் ஏடொன்றில் இப்பொருளைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் இவ்வேட்டின் வாசகருள் பலர் கல்லூரி ஆட்சிக்குழுக்களில் அமர்ந்திருப்பவர்கள். சிலர் தாளாளர் பொறுப்பும் வகிப்பவர்கள். சபைப் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் இடம் தேடித்தரும் கடமையோ ஆயர்கள் அனைவருக்கும் உண்டு. ஆகவே இது கணிப்பொறி வல்லுநர் மட்டும் தீர்க்கவேண்டிய காரியமன்று.

1. ஒரு முகப்பின் கதை

சில ஆண்டுகளுக்கு முன், நான் ஊழியம் செய்த சேகரத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய மாணவி ஒருத்தி, நமது கல்லூரிகளுள் ஒன்றில் இயற்பியல் படிக்க விரும்பினாள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவர் எவருமில்லை. கண்ணாடியில் விரிசல் விழுந்த தாயின் கைப்பேசியே அவளுக்கிருந்த சாதனம். விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது, கட்டணம் எவ்வளவு என்னும் இரு கேள்விகளோடு அவள் அக்கல்லூரியின் முகப்பைத் திறந்தாள்.

பிற்பாடு அதே கைப்பேசியில் நானும் அம்முகப்பைப் பார்த்தேன். முதலில் கல்லூரியின் பெயர் ஒரு படமாக வந்தது. சிறிய திரையில் அதன் எழுத்துகள் எறும்புச் சாரிபோலத் தோன்றின. அடுத்து 5 படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்றன: கட்டடம், குத்துவிளக்கேற்றும் பெருமக்கள், ஆண்டு விழா, மீண்டும் பெருமக்கள், மீண்டும் கட்டடம். அதற்குக் கீழே சிவப்பு நிறத்தில் ஒரு வரி இடப்புறமாக ஓடிக்கொண்டிருந்தது. பின்னர் தாளாளர், செயலர், முதல்வர் ஆகியோரின் படங்களும் வாழ்த்துரைகளும் வரிசையாக நின்றன. சேர்க்கை அறிவிப்பு, சுவரொட்டியொன்றின் படமாக அடியில் கிடந்தது. கடைசி நாள் அந்தச் சுவரொட்டியிலும் ஓடும் வரியிலும் மட்டுமே இருந்தது. கட்டணம் எவ்விடத்திலும் இல்லை.

அவள் ஓடும் வரியைப் படிக்க முயன்றிருக்கிறாள். முந்தைய ஆண்டின் அறிவிப்புகளும் அதே வரியில் ஓடியமையால், தனக்குரியது எதுவென்று அவளுக்கு விளங்கவில்லை. என்னிடம் அவள் வந்து கேட்டபோது கடைசி நாள் கடந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அலுவலகத்தாரிடம் தொலைபேசியில் பேசினேன். “இணையதளத்தில்தான் போட்டிருக்கிறோமே, ஐயா” என்றனர். அது பொய்யன்று. அறிவிப்பு போடப்பட்டிருந்தது, ஆனால் அறிவிக்கப்படவில்லை. அவள் வேறொரு கல்லூரியில், தான் விரும்பாத வேறொரு பாடத்தைப் படித்துப் பட்டம் பெற்றாள்.

2. எங்கும் காணப்படும் குறை

இக்குறை நம் நாட்டுக்கோ திருச்சபைக் கல்லூரிகளுக்கோ மட்டும் உரியதன்று. அமெரிக்க ஓவியர் ராண்டல் மன்ரோ 2010ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளியிட்ட கேலிச்சித்திரம் ஒன்று பல்கலைக்கழக வட்டாரங்களில் பெரிதும் பேசப்பட்டது. ஒன்றையொன்று சற்றே வெட்டிக்கொள்ளும் இரு வட்டங்களே அச்சித்திரம். ஒரு வட்டத்தில் பல்கலைக்கழக முகப்பில் இடம்பெறுபவை: வளாகப் படங்கள், தலைவரின் கடிதம், செய்தி அறிக்கைகள், நிறுவனத்தின் கொள்கை விளக்கம் முதலியன. மற்ற வட்டத்தில் மக்கள் தேடி வருபவை: விண்ணப்பப் படிவம், கல்வியாண்டு நாட்காட்டி, ஆசிரியரின் தொலைபேசி எண், பாடப்பட்டியல், வளாகக் காவலரின் எண், பயன்படத்தக்க வரைபடம் முதலியன. இரண்டுக்கும் பொதுவாக நடுவில் நின்றது ஒன்றே ஒன்று: நிறுவனத்தின் முழுப்பெயர். சிரிப்பதற்காக வரைந்த சித்திரமாயினும், இதைவிடக் கூர்மையான திறனாய்வை நான் கண்டதில்லை.

சுழலும் படங்களைக் குறித்து ஓர் ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் நாட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் இணையப் பணியாற்றிய ஒருவர், அதன் முகப்பில் சுழன்ற படங்களை எத்தனைபேர் தொட்டுத் திறக்கின்றனர் என்று கணக்கெடுத்து 2013இல் வெளியிட்டார். வந்தவருள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரே அவற்றைத் திறந்திருந்தனர். அவ்வாறு திறந்தவற்றிலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை முதற்படத்திற்கே உரியவை. பின்வரிசைப் படங்கள் அங்கிருந்தும் இல்லாதவையே. முகப்பின் மிகச்சிறந்த இடத்தை இப்படங்களுக்கு ஒதுக்கும் ஆட்சிக்குழு இக்கணக்கைச் சிந்திப்பது நலம்.

ஓடும் வரியின் நிலை இன்னும் மோசமானது. இணைய மொழியின் நியமங்களை அந்நாளில் வகுத்துவந்த உலகளாவிய வலைக் கூட்டமைப்பு, 2014இல் நிறைவேற்றிய நியமத்தில் ஓடும் வரிக்குரிய குறியை வழக்கொழிந்ததெனத் தள்ளிவிட்டது. அதற்கு முன்பே, 2008இல் அவ்வமைப்பு வெளியிட்ட அணுகல் நெறிகள், தானாகத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் அசையும் எதையும் வாசகர் நிறுத்திவைக்க வழி இருக்கவேண்டும் என்று விதித்தன. அதே நெறிகளின்படி படத்துக்கு மாற்றாகப் படிக்கத்தக்க உரை வேண்டும். எழுத்தின் நிறத்திற்கும் பின்புலத்திற்கும் இடையிலுள்ள வேறுபாடு, சாதாரண அளவு எழுத்தாயின், 4.5க்கு 1 என்னும் விகிதத்திற்குக் குறையலாகாது. பார்வையற்ற மாணவர் திரையிலுள்ளதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருளால் இணையத்தை அணுகுகிறார். சுவரொட்டியின் படத்தை மட்டும் இட்டுவைத்தால் அம்மென்பொருள் ‘படம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொடர்பை அவர்கள் அணுகும் வகையில் அமைப்பதை வலியுறுத்துகிறது. பார்வையற்றோர் பள்ளிகளை நிறுவிய மரபைப் பெருமையாகப் பேசும் நாம் இதில் பின்தங்கியிருப்பது பொருந்தாது.

3. குறையின் வேர்

வடிவமைத்தவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் முகப்பின் உண்மையான ஆசிரியர் அவரல்லர். மெல்வின் கான்வே என்னும் கணிப்பொறியாளர் 1968இல் வெளியான கட்டுரையில் ஒரு கருத்தை முன்வைத்தார்: எந்த நிறுவனமும் தான் வடிவமைக்கும் பொருளில், தன் உறுப்பினர் ஒருவரோடொருவர் தொடர்புகொள்ளும் முறையையே படியெடுத்து வைக்கும். நம் முகப்புகளில் இக்கருத்தின் உண்மையைக் காணலாம். தாளாளரின் படம் முதல்வரின் படத்திற்கு மேலே நிற்பதும், ஒவ்வொரு துறையும் தனக்கொரு பொத்தான் கேட்டுப் பெறுவதும், பட்டியலில் பட்டியல் விரிவதும் நிறுவனத்தின் உள்வரிசையைக் காட்டுகின்றன. தேடி வருபவர் அந்த உள்வரிசையை அறியார். விடுதிக் கட்டணம் நிதியாளர் பொறுப்பிலா, விடுதிக் காப்பாளர் பொறுப்பிலா என்பது பெற்றோருக்கு எப்படித் தெரியும்?

மறுபக்கத்தையும் நேர்மையோடு கூறவேண்டும். தேசிய மதிப்பீட்டுக் குழுவான நாக், பல்கலைக்கழக மானியக் குழு ஆகியவை பல ஆவணங்களை இணையதளத்தில் வெளியிடுமாறு கேட்கின்றன. குழு வரும் காலத்தில் அவையெல்லாம் முகப்பில் தெரியவேண்டுமென்று கல்லூரி அஞ்சுவது புரிந்துகொள்ளத்தக்கதே. உதவியளித்தோரை நினைவுகூர்வதும் நன்றியறிதலின்பாற்படும். இவை எவற்றையும் அகற்றவேண்டும் என்பது என் வாதமன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் இடமுண்டு. முதலிடம் எல்லாவற்றுக்கும் இல்லை. அவ்வளவே.

4. முகப்பு எவ்வாறு அமையலாம்?

இணையத்தில் வாசிப்போரின் கண்ணசைவை ஆராய்ந்த யாக்கப் நீல்சன், 2006இல் 232 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டார். வாசகர் மேற்பகுதியைக் குறுக்காகப் பார்த்து, சற்றுக் கீழிறங்கி மீண்டும் குறுக்கே பார்த்து, பின் இடது ஓரத்தில் விரைந்து இறங்குகின்றனர் என்பதே அவர் கண்டது. மேலும் இடமும் விலைமதிப்புள்ளவை என்பது இதிலிருந்து பெறப்படும். இதன் அடிப்படையில் பின்வரும் ஒழுங்கைச் சிந்தனைக்கு வைக்கிறேன்.

முதலாவது, கல்லூரியின் பெயரும் ஊரும் தொலைபேசி எண்ணும் எழுத்தாக மேலே நிற்கட்டும். அருகில் தேடும் கட்டமும், ‘தமிழ்’ என்னும் வழியும் இருக்கட்டும். யூனிகோடின் முதற்பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இடம்பெற்றுவிட்டது. ஆகவே தமிழ் எழுத்து திரையில் வராது என்னும் பழைய சாக்கு இன்று செல்லாது. மகளைச் சேர்க்க வரும் தாய்க்கு ஆங்கிலம் தெரிந்திருக்கவேண்டும் என்று நாம் எதிர்பார்க்கலாகாது.

இரண்டாவது, அதற்கடுத்து நான்கே வாயில்கள் போதும்: சேர்க்கை, கட்டணமும் உதவித்தொகையும், தேர்வும் நாட்காட்டியும், தொடர்புக்கு. பெயர்கள் எளியனவாக இருக்கட்டும். ‘மாணவர் ஆதரவும் முன்னேற்றமும்’ என்னும் தலைப்பு மதிப்பீட்டுக் குழுவுக்குப் பழகியது. உதவித்தொகை அதனுள்ளே இருக்கிறதென்று மாணவர் ஊகிக்கமாட்டார்.

மூன்றாவது, அறிவிப்புகள் அசையாமல் நிற்கட்டும். ஒவ்வொன்றுக்கும் தேதி இருக்கட்டும். புதியது மேலே வரட்டும். காலம் கடந்தது முகப்பிலிருந்து நீங்கட்டும்.

நான்காவது, ராகிங் தடுப்புக் குழுவின் எண்ணும், பாலியல் தொல்லை பற்றிய உள் புகார்க் குழுவின் எண்ணும் முகப்பிலேயே தெரியட்டும். முன்னதற்கு 2009ஆம் ஆண்டின் விதிமுறைகளும் பின்னதற்கு 2013ஆம் ஆண்டின் சட்டமும் உண்டு. துன்புறுத்தப்பட்ட மாணவி நான்கு பட்டியல்களைத் திறந்து தேடும் நிலையில் இருக்கமாட்டாள்.

ஐந்தாவது, ஒரு படம் போதும். ஆய்வகத்திலோ நூலகத்திலோ மாணவர் உழைக்கும் உண்மைப் படமாக அது இருக்கட்டும். பெருமக்களின் வாழ்த்துரைகளும் தரச்சான்று ஆவணங்களும் ‘கல்லூரியைப் பற்றி’ என்னும் உட்பக்கத்தில் மரியாதையோடு அமையட்டும்.

இவ்வாறு அமைத்தபின் அதைச் சோதித்துப் பார்க்கவேண்டும். 5 பேரைக் கொண்டு சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று நீல்சன் 2000இல் எழுதினார். ஒரு பெற்றோர், ஒரு புதிய மாணவர், பார்வையற்ற ஒருவர், பழைய சான்றிதழ் தேடும் முன்னாள் மாணவர், வெளியூர் ஆசிரியர் ஆகியோரை அழைத்து, மலிவான கைப்பேசியைக் கையில் கொடுத்து, தங்களுக்கு வேண்டியதைத் தேடச் சொல்லலாம். ஆட்சிக்குழுவினர் குறுக்கே பேசாமல் அருகிலிருந்து பார்க்கட்டும். இதற்குப் பெருஞ்செலவு எதுவுமில்லை.

எழுத்தையும் இடத்தையும் பற்றிய இக்கவலை நம் மரபுக்குப் புதியதன்று. தரங்கம்பாடி அச்சகத்திற்கு ஹாலேயிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியவையாயிருந்து அரிதான தாளை விழுங்கின. ஆகவே அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்து, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை முடித்தனர். கிடைத்த தாளில் வாசகருக்குச் சேரவேண்டியது முழுவதும் சேரவேண்டும் என்பதே அவர்கள் கணக்கு. சிறிய கைப்பேசித் திரையே நம் காலத்தின் அரிதான தாள்.

5. அமைப்புக்கு அப்பால்

இறுதியாக ஒன்று. மேற்கூறிய மாணவியின் இரண்டு கேள்விகளுள் முதலாவதற்கு விடை மறைந்திருந்தது. இரண்டாவதற்கு விடையே இல்லை. முதற்குறை பக்க அமைப்பால் நேர்ந்தது. நல்ல வடிவமைப்பாளர் ஒரு வாரத்தில் அதைத் தீர்த்துவிடலாம். கட்டணம் குறிப்பிடப்படாமைக்கு எந்த வடிவமைப்பாளரும் பொறுப்பல்லர். எவ்வளவு வாங்குகிறோம் என்பதை எழுதி வைக்க மனமில்லாத இடத்தில், அழகிய முகப்பு அந்த மனமின்மையை இன்னும் நேர்த்தியாக மூடிவைக்கவே உதவும். ஆகவே முகப்பைத் திருத்தும் வேலை ஆட்சிக்குழுவின் மேசையில் தொடங்கவேண்டும். ‘எவற்றை வெளிப்படையாகச் சொல்லச் சித்தமாயிருக்கிறோம்?’ என்னும் கேள்விக்கு அங்கே விடை கிடைத்தபின்பே, நிறமும் எழுத்தும் பற்றிய பேச்சுக்குப் பயனுண்டு.

அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்திற்குச் செல்லும் உறுப்பினர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. கூட்டம் தொடங்குமுன் உங்கள் கைப்பேசியில் உங்கள் கல்லூரியின் முகப்பைத் திறவுங்கள். கடைசி நாளையும் கட்டணத்தையும் தேடுங்கள். கண்டுபிடிக்க எத்தனை நிமிடங்கள் ஆயின என்பதை நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யுங்கள்.